சார்ட்டர் பள்ளியும் சராசரி என்கிற மாயமும்

நேற்று கேன்டீனில் ஒரு சண்டை. "அமெரிக்காவைப் பாருடா, சார்ட்டர் பள்ளின்னு தனியார் கையில கொடுத்தான், பசங்க பிச்சு உதறுறாங்க" என்றான் வகுப்பு நண்பன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அங்கே முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணம், கட்டணம் கிடையாது, நிர்வாகம் மட்டும் தனி. 1991ல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது. சரி, படிப்பு?

ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2009ல் 15 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் அலசியது. கணக்குப் பாடத்தில் அரசுப் பள்ளியை முந்தியவை 17 சதவீத சார்ட்டர்கள். பின்தங்கியவை 37 சதவீதம். மீதி 46ல் பெரிய வித்தியாசமில்லை. 2023ல் அதே மையம், சார்ட்டர் பிள்ளைகள் ஆண்டுக்கு வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் படிப்பு முன்னே இருப்பதாகச் சொன்னது. நண்பன் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அடேய், நாம படிக்கிறது காமர்ஸ்! எல்லாக் கிளையையும் சேர்த்த கணக்கு லாபம் காட்டினால் ஒவ்வொரு கிளையும் லாபமா? அதே 2023 அறிக்கையில் ஆன்லைன் சார்ட்டர் பிள்ளைகள் கணக்கில் 124 நாள் பின்தங்கியிருக்கிறார்கள். ஒஹாயோவில் ஈகாட் என்ற ஆன்லைன் சார்ட்டர் 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவே இழுத்து மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில்.

பாஸ்டன் சார்ட்டர்கள் நன்றாகவே செய்கின்றன, மறுக்கவில்லை. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டே நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் ஏன் என்று கேளுங்கள். நீண்ட பள்ளி நேரம், கூடவே உட்கார்ந்து சொல்லித்தரும் ட்யூஷன், ஆசிரியருக்கு அடிக்கடி ஆலோசனை. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2010 வாக்கில் இதே வழிகளை ஹூஸ்டனின் சாதாரண அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். வாசிப்பில் பெரிசாக மாற்றமில்லை. கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. நிர்வாகத்தை யாருக்கும் தூக்கிக் கொடுக்காமலே!

ஆக, பலன் தந்தது பெயர்ப்பலகை இல்லை, உள்ளே நடந்த வேலை. அதைச் செய்யக் காசும் ஆளும் கொடுக்காமல் "தனியார்னா தரம்" என்று மந்திரம் ஓதுவது சோம்பேறித்தனம்.

"மோசமான பள்ளியைச் சந்தையே மூடிடும்" என்கிறான் நண்பன். மூடும்தான். கடை திவாலானால் வேறு கடை திறக்கலாம். ஒரு பிள்ளைக்கு மூணாங்கிளாஸ் ஒரு தடவைதான் வரும்.

பதில் இருந்தால் சொல்லுங்க. டீ என் செலவு.