எங்க வீட்டு பத்மினி

மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற தம்பி ஒருத்தர் லெட்டர் போட்டிருந்தார். 'அண்ணே... தாத்தாவோட பியட் கார் ஷெட்ல தூசி படிஞ்சு நிக்குது. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ங்கிறார் அப்பா. வெச்சுக்கணும்னு எனக்கு ஆசை. நீங்களும் பழைய கார்க்காரர்தானே, என்ன சொல்றீங்க?'

தம்பி, கேள்வியைத் தப்பான ஆள்கிட்ட கேட்டுட்டீங்க. கேட்க வேண்டிய ஆள் என் மனைவி. ஆனா அவங்க பேனாவை எடுத்தா, அடுத்த வாரம் இந்தப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன். அதனால நானே சொல்லிடறேன்.

என்கிட்ட இருக்கிறது 84-ம் வருஷத்து பிரீமியர் பத்மினி. க்ரீம் கலர். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்துலயே நீட்டிக்கிட்டு இருக்கும். 1089 சி.சி. இன்ஜின். காலையில சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சு, 'வாடி செல்லம்'னு கொஞ்சினாத்தான் ஸ்டார்ட் ஆகும். இதைக் கேட்டுக் கேட்டு, கல்யாணமான ஒரே மாசத்துல என் மனைவி காருக்கு ஒரு பேர் வெச்சாங்க - 'சக்களத்தி'!

பத்மினிங்கிறது சித்தூர் ராணியோட பேர். இத்தாலிக்காரனோட பியட் 1100-ஐ பம்பாய் குர்லாவுல செஞ்சுட்டிருந்த பிரீமியர் கம்பெனி, எழுபதுகள்ல இந்தப் பேரை வெச்சது. 2000-ஐ ஒட்டி தயாரிப்பு நின்னு போச்சு. மும்பையில கறுப்பு-மஞ்சள் டாக்ஸியா ஓடின கடைசி பத்மினியும் 2023 அக்டோபர்ல ரிட்டயர்டு. அதாவது, இன்னிக்கு இதுக்கு ஒரு வாஷர் வேணும்னாக்கூட புதுப்பேட்டை சந்துல நாலு கடை ஏறி இறங்கணும். ஞாயித்துக்கிழமை காலையில 'பத்து நிமிஷத்துல வந்துடறேன்'னு போனா, மதியம் சாம்பார் ஆறின பிறகுதான் வருவேன். வீட்டுல குழம்பு மட்டுமா கொதிக்கும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு வருஷம் முன்னால ஒரு மே மாசம். மச்சினி வீட்டு கிரகப்பிரவேசம், செங்கல்பட்டுல. 'பஸ்ல போயிடலாங்க'ன்னு மனைவி சொன்னாங்க. நமக்குத்தான் கெத்து முக்கியமாச்சே! முந்தின வாரம்தான் பம்பருக்கு குரோம் பாலீஷ் போட்டு, ஸ்டீயரிங்ல புது ஹார்ன் ரிங் மாட்டியிருந்தேன். செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். சொந்தக்காரங்க முன்னால போய் இறங்க வேணாமா?

ஜி.எஸ்.டி. ரோட்டுல, பாதி வழியில படக்னு நின்னுடுச்சு. வெயில் சூட்டுல பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிட்டா, பம்ப்பால இழுக்க முடியாது. 'வேப்பர் லாக்'னு பேர். பழைய கார்க்காரங்க எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். துணியை நனைச்சு பம்ப் மேல சுத்திட்டு, ஆறுற வரைக்கும் காத்திருக்கணும். பாப்பாவுக்கு வெச்சிருந்த தண்ணியை எடுத்து ஊத்தினேன். மனைவி பட்டுப்புடவையோட, அஞ்சு வயசுப் பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு புளிய மரத்து நிழல்ல நின்னாங்க. ஒரு வார்த்தை பேசலை. அதுதான் பயம்.

முக்கால் மணி நேரம் கழிச்சுக் கிளம்பிச்சு. கொஞ்ச தூரம் போயிருப்போம். பின் சீட்லேர்ந்து பாப்பா, 'அப்பா, பெட்ரோல் பங்க் வாசனை வருதுப்பா'ன்னா.

ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சு, சொட்டுச் சொட்டா பெட்ரோல், கொதிக்கிற இன்ஜின் மேல விழுந்துட்டிருக்கு. ஒரு தீப்பொறி போதும். கை நடுங்கிடுச்சு பாஸ்! ரெண்டு பேரையும் இறக்கி ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டு, வண்டியை அங்கேயே விட்டுட்டு மெக்கானிக்கைத் தேடி நடந்தேன்.

அந்த ஹோஸ் என்ன விலை தெரியுமா? முந்நூறு ரூபாய்கூட இல்லை. எங்க மெக்கானிக் பாய் ஆறு மாசமா சொல்லிட்டே இருந்தார். 'சார், இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது. பழைய ரப்பர் தாங்காது. எத்தனாலுக்குன்னே வர்ற ஹோஸா மாத்திடுங்க. வண்டியை மாசக்கணக்குல நிறுத்தியும் வெக்காதீங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிச்சுடும்'னு. நான்தான், 'அடுத்த மாசம் பார்க்கலாம் பாய்'னு சொல்லிட்டு பம்பரைப் பளபளக்க வெச்சிட்டிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி மனைவி வாயைத் திறந்தாங்க. 'உங்க ஆசைக்கு நான் குறுக்கே நிக்கலை. ஆனா, இனிமே பிள்ளையை அதுல ஏத்தாதீங்க.' அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன். இதுக்கு என்ன சொல்றது?

லால் பகதூர் சாஸ்திரி கதை கேள்விப்பட்டிருப்பீங்க. பிரதமரா இருந்தப்போ வீட்டுக்குன்னு ஒரு பியட் வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையில இருந்தது 7,000. மிச்சம் 5,000-க்கு பேங்க் லோன். 1966 ஜனவரியில தாஷ்கண்ட்ல அவர் இறந்துட்டார். அந்தக் கடனை பென்ஷன் பணத்துலேர்ந்து அடைச்சது, அவர் மனைவி லலிதா சாஸ்திரி. கார் இப்பவும் டெல்லியில அவர் நினைவகத்துல நிக்குது. அவர் நேர்மைக்காக இந்தக் கதையைச் சொல்வாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி வேற ஒண்ணு உறைச்சது. வாசல்ல ஒரு கார் நின்னா, ஸ்டீயரிங் ஒருத்தர் கையில இருக்கலாம். ஆனா பாரம் வீட்டுல எல்லார் தலையிலயும்தான்!

மறுநாள் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்துல ரூல்ஸ். முதல்ல பிரேக், பெட்ரோல் லைன், வயரிங். நாலு வீல்லயும் டிரம் பிரேக்தான்கிறதால, வீல் சிலிண்டர் கசியுதான்னு அடிக்கடி பார்க்கணும். பின் சீட்டுக்கும் பெல்ட். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பெயின்ட், பாலீஷ். மாசத்துக்கு இவ்வளவுதான் செலவுன்னு ஒரு தொகை. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்தான், அதுவும் வீட்டு வாசல்லயே. கடைசி ரூல் மனைவி கையெழுத்துல இருக்கு: 'விசேஷத்துக்கு பஸ்.'

எட்டு மாசம் பாப்பா அந்தக் காரில் ஏறலை. ஆனா, ஞாயித்துக்கிழமை ஆனா பக்கத்துல வந்து உட்காருவா. இப்ப பத்தாம் நம்பர் ஸ்பேனர் எதுன்னு கேட்டா கரெக்டா எடுத்துக் கொடுப்பா. ஒருநாள் மனைவியே நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, 'சரி, பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்'னாங்க. எனக்கு லைசென்ஸ் கிடைச்ச அன்னிக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இப்ப அடுத்த பரீட்சை. ஆர்.சி. புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல விதி மாறினதுலேர்ந்து, இருபது வருஷம் தாண்டின காருக்கு ஃபீஸ் மட்டும் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பாப்பா ஸ்கூல் ஃபீஸும் அதே மாசம். 'வித்துடலாமா?'ன்னு நானே கேட்டேன். மனைவி யோசிச்சாங்க. 'இந்தத் தடவை கட்டுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி பேசுவோம்.' சக்களத்திக்கு அஞ்சு வருஷ எக்ஸ்டென்ஷன்!

தம்பி, இப்ப உங்களுக்கு. முதல்ல ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, உயிரோட இருக்கான்னு பாருங்க. மிதியடியைத் தூக்கி, அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பொத்துக்கிட்டுப் போனா பர்ஸும் பொத்துக்கும். கார் அம்பது வயசைத் தாண்டியிருந்தா, 2021 விதிப்படி 'வின்டேஜ்'னு பதியலாம். ஃபீஸ் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனா அதுல காலேஜுக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான்.

அப்புறம், அப்பாகிட்ட 'தாத்தா ஞாபகம்'னு கண்ணைக் கசக்காதீங்க. அவரோட அப்பா அது. உங்களைவிட அவருக்கு ஞாபகம் அதிகம் இருக்கும். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, கணக்கு எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. முதல் வரியில என்ன எழுதணும்னு இப்ப தெரியும்தானே?

பெட்ரோல் ஹோஸ்!