பயணம் நீண்டால் லீவும் நீளுமா?

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போன தம்பதியினர் விமானம் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டால், "நல்லம்தானே, இன்னும் நாலு நாள் சுற்றிப் பார்க்கலாம்" என்று இங்கிருந்து கமெண்ட் போடுவது லேசு. ஹோட்டல் பில், முடிகிற குளிசை, முடிகிற வீசா எல்லாம் அவர்கள் தலையில்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் சுமார் ஒரு இலட்சம் விமானப் பயணங்கள் ரத்தாகின. அப்படி மாட்டிய ஒரு பயணியின் வழக்கில் 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எரிமலைக்கு நட்டஈடு இல்லை. ஆனால் காத்திருக்கும் நாள் முழுக்கச் சாப்பாடும் தங்குமிடமும் விமானக் கம்பனியின் பொறுப்பு.

ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்தக் கம்பனிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். நம்மவர்கள் திரும்பி வரும் வளைகுடா விமானங்களுக்கும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பதற்றத்தில் டிக்கெட் காசைத் திருப்பி வாங்கினால் அந்தப் பொறுப்பு அத்தோடு முடிந்துவிடும். மாற்று விமானம் கேளுங்கள், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீசா முடியுமுன் அந்நாட்டு அதிகாரிகளிடம் நீடிப்புக் கேளுங்கள். தவிர்க்க முடியாத காரணமென்றால் கட்டணம் இல்லை. வீசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதி மருத்துவத்துக்கானது, ஹோட்டலுக்கு அதை நம்ப வேண்டாம்.

என் கருத்து இதுதான்: டிக்கெட் விற்கும் முகவர்கள் இதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். உரிமை தெரியாதவருக்கு உரிமை இருந்தும் பயனில்லை.