‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடரின் வேலை
அமெரிக்கக் கல்லூரிகளில் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடர் இயல்பாக முளைத்ததன்று. 1955இல் கொலராடோவில் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஓர் இளைஞர் இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இத்தகைய கோரிக்கைகளுக்கு அஞ்சியே அத்தொடரைப் புனைந்ததாகக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை (என்சிஏஏ) நெடுங்காலம் நடத்திய வால்டர் பையர்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வசை முழுவதும் அச்சங்கத்துக்கே போகிறது. தொழில்முறை லீகுகள் எளிதில் தப்புகின்றன. பள்ளி முடித்து மூன்றாண்டு கழியாதவரை என்எஃப்எல் சேர்ப்பதில்லை. 2006 முதல் என்பிஏ 19 வயதையும், அமெரிக்க மாணவரெனில் பள்ளிக்குப் பின் ஓராண்டையும் கேட்கிறது. இவ்விதிகளை ஏற்றது உள்ளே இடம்பிடித்துவிட்ட வீரர்களின் சங்கம். வாசலில் நிற்பவருக்கு அங்கே குரலில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பயிற்சியும் அரங்கமும் கல்லூரிச் செலவு. முழங்கால் போனால் இழப்பு மாணவருடையது. தேறியவரை மட்டும் லீகு அள்ளிக்கொள்கிறது.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். பேஸ்பால் அணிகள் பள்ளி முடித்தவரையும் ஒப்பந்தம் செய்து, சிறு லீகுகளில் சம்பளம் கொடுத்து வளர்க்கின்றன. (அச்சம்பளம் நெடுங்காலம் அற்பமாகவே இருந்தது வேறு கதை.)

2025இல் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அப்பணத்தில் என்எஃப்எல், என்பிஏ தரும் பங்கு எதுவுமில்லை. பெறுபவரை ஊழியர் என்றும் அவ்வுடன்பாடு அழைக்கவில்லை. பழைய தொடரே நீடிக்கிறது.