பெட்டி சிறிதாயிருக்கட்டும், பதிவு இவ்வாண்டே நடக்கட்டும்



இவ்வாரச் சிந்தனைக்கு ஒரு சிறு கருவியை எடுத்துக்கொள்கிறேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது அதன் பெயர். கிட்டாரிலிருந்தும் மைக்கிலிருந்தும் வரும் மின்னலைகளைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவதும், பதிந்ததை மறுபடியும் ஒலியாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவதும் அதன் வேலை. ஆராதனையில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் "எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள், பெற்றோரோ "இந்தச் செலவு அவசியந்தானா?" என்று கேட்கிறார்கள். இருவருக்கும் என் பதில் ஒன்றே. இரண்டு மைக்குகளை இணைக்கக்கூடிய எளிய இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். அதற்குமேல் செலவிடுவது அவசியமன்று. ஆனால் பதிவு செய்வதில் காலந்தாழ்த்தலாகாது.

கோபுரம் கட்ட எண்ணியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அறிவீர்கள். வாங்குவதற்கு முன் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவன்று. ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

முதலாவது, உங்கள் கிட்டார் எப்படிப்பட்டது? எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மின்னலை மிக மெலிந்தது. அதைச் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மங்கி, அதன் கூர்மை போய்விடும். ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் இம்பீடன்ஸ் கொண்ட தனி உள்ளீடு அதற்கு வேண்டும். பெட்டியின்மேல் "இன்ஸ்ட்ருமென்ட்" அல்லது "ஹை-இசட்" என்று குறித்த பொத்தானோ துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கருவி எத்தனை மலிவானாலும் கிட்டார்க்காரருக்கு ஆகாது. உள்ளே பேட்டரி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இந்தச் சிக்கல் குறைவு.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைப் பதிவீர்கள்? ஒருவர் வாசித்துக்கொண்டே பாடுவதற்கு இரண்டு வழிகள் போதும். ஆயினும் அவ்விரண்டும் எப்படிப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். போக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் சோலோவில் மைக்குக்கு ஒரு வழியும் கிட்டாருக்கு ஒரு வழியும் உண்டு. அதே வரிசையிலுள்ள 2ஐ2-இலும், பெரிங்கரின் யுஎம்சி202எச்டி-யிலும் இரண்டு மைக்குகளை இணைக்கலாம். பிக்கப் இல்லாத சாதாரண மரக்கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிறவருக்குக் குரலுக்கு ஒன்றும் கிட்டாருக்கு ஒன்றுமாக இரண்டு மைக்குகள் தேவை. அவருக்குச் சோலோ போதாது. எட்டு வழிகள் கொண்டது டிரம்ஸ் முழுவதையும் பதிவோருக்கு உரியது. வீட்டில் ஆறு துளைகள் வெறுமனே கிடக்கும்.

மூன்றாவது, நீங்கள் வாசிப்பது உங்கள் காதுக்கு எத்தனை விரைவில் திரும்பி வருகிறது? ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். ஆகவே மூன்று மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்ளிஃபையரின் ஒலியே 9 மில்லி விநாடி தாமதித்துத்தான் நம்மை அடைகிறது. கணினிவழித் தாமதமும் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு அது தெரியாது. விண்டோஸ் கணினியானால் அந்த நிறுவனமே தந்த ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். "டைரக்ட் மானிட்டர்" என்ற வசதி இருந்தால் ஒலி கணினிக்குள் போய்வராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். பழைய கணினியிலும் கவலையில்லை.

விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். மனிதச் செவி கேட்கும் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் எடுத்தாலே அது முழுவதும் அடங்கிவிடும். 1,92,000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 24 பிட் என்பது மட்டும் பயனுள்ளது. அது இருந்தால் ஒலியளவைச் சற்றுத் தாழ்த்தி, உச்சங்கள் கழித்தல் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி பதியலாம். உரத்துப் பாடும்போது ஒலி உடையாது, மெல்லிய இடத்தில் இரைச்சலும் எழாது.

மிஞ்சும் பணத்தைப் புதிய கம்பிகளுக்கும், நல்ல கேபிளுக்கும், ஒரு டைனமிக் மைக்குக்கும் செலவிடுங்கள். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக், நம் வீடுகளில் மின்விசிறியையும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஹாரன்களையும் சேர்த்தே பதிந்துவிடும். டைனமிக் மைக்கை வாயருகே பிடித்துப் பாடினால் அவை வெகுவாகக் குறையும். லேப்டாப்பின் சார்ஜர் வழியே இரைச்சல் வந்தால், அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நம்முடைய உப்புக்காற்று கம்பிகளையும் ஜாக்குகளையும் அரிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மூடி வையுங்கள்.

ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992-இல் "ரோஜா" பாடல்கள் அங்கிருந்து வந்தன. அன்று அதற்கு ஒரு கட்டடமும் பெரும்பணமும் வேண்டியிருந்தன. இன்று அந்த வேலையின் முக்கியமான பங்கைக் கையில் அடங்கும் பெட்டி செய்கிறது. இனி நம்மைத் தடுப்பது கருவியின்மை அன்று. "இன்னும் நல்ல கருவி வரட்டும்" என்ற காத்திருப்பே.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அன்பானவர்களே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் தந்த கீர்த்தனைகளை நம் முன்னோர் பெரும்பாலும் செவிவழியாகவே கற்றார்கள். புத்தகத்தில் சொற்கள் இருக்கின்றன. சில இடங்களில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கின்றன. ஆனால் ஓர் ஊர்ச் சபை எந்த அடியில் நீட்டி நிறுத்திற்று, எந்தச் சொல்லில் குரலைச் சுழற்றிற்று என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது எண்பது வயதான பாட்டிமாரின் தொண்டையில் இருக்கிறது. ஒவ்வோர் அடக்க ஆராதனையிலும் அப்படிப்பட்ட ஒரு மெட்டை நாம் பேழையோடு சேர்த்து மண்ணில் இறக்கிவிடுகிறோம்.

கைப்பேசியில் பதிந்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். இன்றைக்கு அதுதான் கையில் இருக்கிறதென்றால் இன்றைக்கே அதில் பதியுங்கள். ஒன்றுமில்லாததைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் குரலும் கிட்டாரும் தனித்தனியே பதிந்திருந்தால், பின்னால் பாட்டியின் குரலை மட்டும் உயர்த்தலாம், கிட்டாரைப் புதிதாக வாசித்துச் சேர்க்கலாம். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டே பாடக் கற்கலாம். கைப்பேசியின் ஒற்றை மைக்கால் அது இயலாது.

ஆகையால் என் ஆலோசனை இது. ஒவ்வொரு வீடும் கடன்பட்டு ஒன்று வாங்கவேண்டியதில்லை. சபைக்குப் பொதுவாக ஓர் இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஒரு ஹெட்போன் வாங்கி, நூலகப் புத்தகம்போல வாரம் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்போம். கிட்டார் கற்ற தம்பியோ தங்கையோ கூடவே போய், அந்த வீட்டுப் பெரியவர் பாடும் ஒரு கீர்த்தனையைப் பதிந்து வரட்டும். அன்றாடம் பதிந்து பழகும் ஆர்வமுள்ளோர் தங்களுக்கென ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் அப்படிப் பாடக்கூடியவர் யார்? இவ்வாரமே அவரருகே உட்கார்ந்து, எந்தப் பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக.