தட்டில் வளரும் தீவனத்துக்குத் தண்ணீரே முதல்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மக்காச்சோளம் உண்டு. கறவை மாடும் உண்டு. கோடையில்தான் பசுந்தீவனத்துக்குத் திண்டாட்டம். ஆகவே, மண்ணில்லாமல் தட்டில் மக்காச்சோளத்தை முளைக்கவைத்துத் தீவனமாக்கும் முறையில் சிறு விவசாயிகள் நாட்டம் கொள்வது இயல்பே. ஆனால் தட்டுக்கும் நிழல்வலைக்கும் கணக்குப் பார்ப்பவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. இது பெரும் தவறு.

ஒரு கிலோ விதை ஏழெட்டு நாளில் ஐந்தாறு கிலோ தீவனமாகிறது. கூடிய எடை முழுவதும் தண்ணீரே. ஆக, தெளிக்கும் தண்ணீரைத்தான் மாட்டுக்கு ஊட்டுகிறோம்.

கல்வராயன் மலையில் பெய்த மழை கோமுகி அணையில் தேங்கும்போது ஒரு தன்மை. பாறையிடுக்கில் இறங்கி உப்பைக் கரைத்து ஆழ்துளைக் கிணற்றில் ஊறும்போது வேறு தன்மை. எனவே மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் தட்டுக்கு ஆகாது.

தொட்டியில் பாசி பிடிக்கவிடாதீர்கள். தட்டிலிருந்து வடிந்த நீரை மறுபடி தெளிக்காமல் தென்னைக்கு விடுங்கள். மருந்து கலந்த விதை கூடாது. பூசணம் கண்ட தட்டை மாட்டுக்குக் காட்டவே வேண்டாம். உலர்தீவனத்தையும் நிறுத்தவேண்டாம்.

பரிசோதனைக்கு அலையவேண்டுமே என்பார்கள். கறவை மாடு படுத்துவிட்டால் அலைவது அதைவிட அதிகம்.