பொட்டலம் பேசட்டும்!

வில்லியனூரில் தேர்த்திருவிழா. தெருவெங்கும் தோரணம், வீடெங்கும் விருந்தினர். நாளை வடம் பிடிக்கப் போகும் பெரியவர் ஒருவர், நரைத்த தலையோடு ஊர் முன் நிற்க மனமின்றி, மாலையிலேயே தெருமுனைக் கடைக்கு வருகிறார்.

"தம்பி, ஒரு டை பாக்கெட் குடு."

சரஞ்சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்துத் தருகிறார் கடைக்காரர். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கே தெரியலைங்க ஐயா. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. எல்லாரும் வாங்குறாங்க, நீங்களும் கொண்டு போங்க."

தோழர்களே! மேடைக்கென்று நான் புனைந்த காட்சிதான் இது. ஆயினும் நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். நாடகம் எது, நடப்பு எது என்று பிரித்தறிய இயலாமல் திகைப்பீர்கள்!

அந்த எறும்பு எழுத்து சொல்ல வேண்டியது என்ன? சட்டம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பாரா ஃபினைலின் டையமின் அல்லது வேறு சாயப்பொருள் கலந்த தலைச்சாயம் எதுவாயினும், உள்ளுறை வெளியுறை இரண்டிலும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகும். ஆகவே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் பூசலாகாது. பூசினால் பார்வை பறிபோகக் கூடும். காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி, 24 மணி நேரம் பொறுத்திருந்து பார்க்கும் முறையும் உடன் தரப்பட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமா? வட்டார மொழியிலும் என்கிறது சட்டம்!

இந்த எச்சரிக்கை பிறந்த கதை கண்ணீர்க் கதை. 1930களில் அமெரிக்காவில் இமைக்கு அழகூட்டும் சாயம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அழகை நாடிய பெண்ணொருத்தி கண்ணை இழந்தாள். நாடு கொதித்தது. 1938இல் அங்கே புதுச்சட்டம் பிறந்தது. எச்சரிக்கை வாசகமும் பிறந்தது. ஏறத்தாழ அதே வாசகத்தைத்தான் நம் நாட்டு விதியும் சொல்கிறது. அயல்நாட்டுப் பெண்ணின் கண்ணைக் கொடுத்துப் பெற்ற வாசகம், நம் தாய்மாரின் கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சாகுமானால், அதனால் என்ன பயன்?

பாகூரின் பழம்பெருமையை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டன. அதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேட்டில் வடமொழியும் உண்டு, தமிழும் உண்டு. ஊரார் அறிய வேண்டிய ஆணையை, ஊரார் மொழியில் செம்பிலே வெட்டித் தந்தனர் அன்று. மன்னராட்சி செம்பில் செய்ததை, மக்களாட்சி காகிதத்தில் செய்யக் கூடாதா? 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், புதுவைக்குத் தமிழை ஆட்சிமொழி ஆக்கிற்று. மாகிக்கு மலையாளமும் ஏனாமுக்குத் தெலுங்கும் வழங்க வழி செய்தது. ஆட்சிமொழி கோப்பிலே குடியிருந்தால் போதுமா? கடையிலே தொங்கும் பொட்டலத்துக்கும் அது வந்தாக வேண்டாமா?

இனிச் சட்டத்தின் ஓட்டையைக் காண்போம். ஒப்பனைப் பொருள்களில் கலந்தவை எவை என்னும் பட்டியலை உறையில் அச்சிட வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் 30 கிராமுக்குக் குறைந்த பொடிக்கும், 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த நீர்மத்துக்கும் அந்தப் பட்டியல் தேவையில்லையாம்! பெரும்புட்டி வாங்குவோன் பட்டியல் படிக்கலாம். கூலி வாங்கிய கையோடு சிறு பொட்டலம் வாங்குவோனுக்கு அந்த உரிமை இல்லை. பணப்பையின் பருமனுக்கேற்பவா உயிரின் மதிப்பை அளப்பது?

எச்சரிக்கையிலும் ஒரு குறை. தோலைச் சொல்கிறது, கண்ணைச் சொல்கிறது, வாயைச் சொல்லவில்லை. இந்தப் பொருள் உட்சென்றால் முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுத் திணறும், தசை சிதையும், சிறுநீரகம் பழுதாகும். தனி முறிமருந்து இல்லை. மொராக்கோவில் 1992 முதல் 2002 வரை இதனால் நஞ்சேறியவர்கள் 374 பேர் என மருத்துவர்கள் எழுதி வைத்தனர். நம் மதுரை மருத்துவர்களும் 2009இல் இந்தக் கேட்டைப் பற்றி எழுதினர். நள்ளிரவில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோரிமேட்டு ஜிப்மருக்கு ஓடும் தாயிடம், "என்னம்மா சாப்பிட்டது?" என்று மருத்துவர் கேட்டால், அவள் எதைக் காட்டுவாள்? பொட்டலம் கையில் இருக்கும். பொருளின் பெயர் அதில் இராது!

"சின்னஞ்சிறு உறையில் இவ்வளவையும் அச்சிட இடமேது?" என்பர் வணிகர். அதே உறையில் நடிகையின் புன்னகைக்கு இடமிருக்கிறது. கருங்கூந்தல் அலை பாய இடமிருக்கிறது. 'மூலிகை' என்று முழங்க இடமிருக்கிறது! தூய மருதாணி தருவது செம்மை நிறம். கரி போன்ற கருமை கண்டால், வேறொன்று கலந்ததோ என ஐயுறுவதே அறிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வேதிப்பொருளின் பெயரையே உறையில் சொல்ல வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டோர்க்கு உரியதன்று என்றும் எழுத வேண்டும். அங்கே கிடைக்கும் இடம் இங்கே கிடைக்காதா?

நாம் கேட்பவை மூன்று. சிறு பொட்டலத்துக்குத் தந்த விலக்கு ஒழியட்டும். 'விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனை செல்க' என்ற வரி எச்சரிக்கையில் ஏறட்டும். கண்ணுக்குத் தெரியும் தமிழில் அது அச்சாகட்டும். முதலிரண்டுக்கு டில்லி மனம் வைக்க வேண்டும். மூன்றாவது இன்றே சட்டம். அதை நடத்திக் காட்டப் புதுவையின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போதும்!

தோழர்களே! வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள கிளைக் கழகங்கள் இந்த வாரமே கடைகளுக்குச் செல்லட்டும். கடைக்காரரிடம் சினம் வேண்டா. அவரும் படிக்க இயலாதவற்றை விற்கும் எளியவரே. தமிழ் இல்லாத பொட்டலங்களைத் திரட்டுங்கள்; மனுவோடு சேர்த்து அதிகாரிகள் மேசையில் வையுங்கள். முடிதிருத்தும் நிலையங்களில் அமர்ந்து, 24 மணி நேரச் சோதனையை எடுத்துரையுங்கள்.

அடுத்த தேர்த்திருவிழாவில் அந்தப் பெரியவர் "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று யாரையும் கேட்கக் கூடாது. தாமே படித்துத் தெளிய வேண்டும். அதுவரை நமக்கு ஓய்வில்லை!