நூறாண்டு வெள்ளம் நூறாண்டு காத்திருக்காது



"இது நூறு வருசத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளமாம். நம்ம காலத்துல இனி வராது." வெள்ளம் வடிந்ததும் நம்மில் பலர் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். இது தவறான ஆறுதல்.

நூறாண்டு வெள்ளம் என்றால், ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்றே பொருள். நாலு நம்பர் எடுப்பவர்களுக்கு இது விளங்கும். போன வாரம் விழுந்த நம்பர் இந்த வாரம் விழக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? 30 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நாலில் ஒரு பங்குக்கும் மேல்!

பேராக் 1926-லும் 1967-லும் பெருவெள்ளம் கண்ட மாநிலம். பாலமும் கால்வாயும் எவ்வளவு மழையைத் தாங்க வேண்டும் என்று கணக்கிட, நீர்ப்பாசன வடிகால் இலாகா 1973-இல் வழிகாட்டி வெளியிட்டது, 1982-இல் திருத்தியது. அதுவரை பெய்த மழையே அதற்கு அளவுகோல். ஆனால், காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியதை மறந்துவிட்டோமா? தாத்தா காலத்து மழையை வைத்துப் பேரனுக்குக் கால்வாய் வெட்டலாமா?

காம்பார் வட்டாரத்தில் மண்ணும் மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடத்தில் தாமான் எழுந்தால், மண் குடித்த மழை சிமெண்டில் ஓடுகிறது. பழைய ஈய லம்பக் குட்டையை மூடினால், தண்ணீர் தங்கும் இடமும் போய்விடுகிறது.

பழைய மழைக் கணக்கை வருங்காலத்துக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளும் முறையைத் தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2013-லேயே வகுத்துவிட்டது. பெருக்கினால் குழாய் பெரிதாகும், செலவும் கூடும். அங்கேதான் சிலருக்குக் கை சுருங்கும். காசை மிச்சம் பிடிப்பவர் மேட்டில் இருப்பார். தண்ணீர் புகுவதோ பள்ளத்தில் இருக்கும் நம் வீட்டுக்குள்!

ஆகவே, உங்கள் பக்கம் புதுப் பாலமோ கால்வாயோ வந்தால், குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டு வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டீர்கள்? எந்த ஆண்டு வரையிலான மழை? வருங்கால மழைக்கு எவ்வளவு சேர்த்தீர்கள்?

இன்னொன்று. எந்த வருடம் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பொறியாளருக்கு அதுவும் சாட்சி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால்!